டாக்டரிடம் மறைத்த வெற்றிலை

1979 பெப்ரவரி 5, திங்கள்

மழை விட்டு ஒரு வாரம். எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பஸ்ஸில் பதுளை போய் வந்தேன். இறங்கும்போது கம்பியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. முழங்கையால் அணைத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

புது டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. மேசை சுத்தம், நகம் சுத்தம். என் கை இரண்டையும் விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். முடக்குவாதம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். காரணம்தான் புதிது. உடம்பு தன் சொந்த மூட்டையே பகையாளி என்று எண்ணிக்கொண்டு அடிக்கிறதாம். என் உடம்பு அப்படிப்பட்டதுதான்.

அஸ்பிரினைக் குறைக்கச் சொன்னார் (காது இரைச்சல், வயிற்றுப் புண்). இனி டெட்ராசைக்கிளின். புண்ணுக்கும் சளிக்கும் கொடுக்கிற அதே கிருமிகொல்லி மருந்து. சின்ன அளவில், மாதக்கணக்காக. வெளிநாட்டில் சில டாக்டர்கள் வாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, குணம் நிச்சயம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அப்படிச் சொன்னது பிடித்தது.

குறித்துக்கொண்டவை:
திங்கள், புதன், வெள்ளி மட்டும். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று.
வெறும் வயிற்றில். ஒரு தம்ளர் தண்ணீர் முழுதாக.
விழுங்கியதும் படுக்கக் கூடாது. தொண்டையில் புண் வரும்.
பால், தயிர், இரும்பு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான வெள்ளை மருந்து: மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தொடக் கூடாது.
வெயில் ஆகாது. குடை, நீளக் கைச் சட்டை.
சீனி குறைக்க.
வரக்கூடியவை: வயிற்றெரிச்சல், குமட்டல், வயிற்றுப்போக்கு, நாக்கில் வெள்ளை, வெயில் பட்ட இடத்தில் சிவப்பு, பெண்களுக்கு அரிப்பு.

கடைசியில் ஒன்றை இரண்டு தரம் சொன்னார். "முதல்ல நோ கூடும் அம்மா. பிறகுதான் குறையும். கூடேக்க பயந்து நிப்பாட்டிப் போடாதேங்கோ."

நான் வலிக்குப் பயப்படுகிறவள் இல்லை என்றேன்.

பால் குடிப்பேனா, தயிர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையான பதில். பிறகு, வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டா என்றார். பக்கத்தில் நர்ஸ் நின்றாள். நான் கன்னியர் மடத்தில் படித்தவள் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இந்தப் புத்தகத்திலாவது எழுதி வைக்கிறேன். போடுகிறேன். நாளைக்கு ஐந்து. சில நாள் ஆறு.

பெப்ரவரி 6, செவ்வாய்

தலை முழுகவில்லை. கை தூக்க முடியவில்லை.

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழித்துவிட நினைத்தேன். தாளைக் கிழிக்க விரலில் பலம் இல்லை. இருக்கட்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல் வலி. தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் வீட்டுக்காரர் காலமாகி மூன்றாவது மாதம். மாரியாயி ஒரு கராம்பை வைத்து வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். பல்லைப் பிடுங்கியாயிற்று. வெற்றிலை தங்கிவிட்டது. மடத்துச் சிஸ்டர்மாருக்கு வெற்றிலை என்றாலே அருவருப்பு. எங்கள் பக்கத்தில் கைம்பெண் வாய் சிவக்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் நான் குற்றவாளி. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் போடுவது, சாம்பலும் உப்பும் வைத்துப் பல் துலக்குவது, பிறகு வெளியே வருவது. வாங்குவது மாரியாயி பெயரில்.

மாரியாயி தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். இப்போது என் வீட்டு வேலைக்குக் காலையில் வந்து பின்னேரம் போகிறாள். அவளுக்கு மட்டும் தெரியும்.

பெப்ரவரி 7, புதன்

முதல் மாத்திரை. காலை 6. மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள். ஒரு தம்ளர் தண்ணீர். நாற்காலியில் நிமிர்ந்து முக்கால் மணி நேரம். வாயில் தகரத்தை நக்கியது போல் ஒரு ருசி. அந்த ருசி போவதற்கு ஒரு வெற்றிலை.

7 மணிக்கு பிளேன்டீ, பால் இல்லாமல். பெரிய கிளாக்கர் வீட்டில் முப்பத்தோரு வருடம் பால் விடாத தேநீர் யாருக்கும் கொடுத்ததில்லை, குடித்ததும் இல்லை. மாரியாயி பார்த்துவிட்டு, கிளாக்கரம்மாவும் லயத்துத் தேத்தண்ணிக்கு வந்துட்டீங்களா என்றாள். தொழிலாளர் லயத்து வீடுகளில் பாலுக்கு வழி ஏது.

பின்னேரம் 4, இரண்டாவது. மறுபடியும் தகர ருசி. மறுபடியும் வெற்றிலை.

பெப்ரவரி 9, வெள்ளி

விரதம். மற்ற வெள்ளிகளில் பாலும் பழமும். இன்று பழம் மட்டும். வெறும் வயிறு என்று டாக்டர் கேட்டது வெள்ளிக்கிழமைக்குத் தானாகவே பொருந்துகிறது.

சரோஜாவிடமிருந்து கடிதம். ஒரே மகள். கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஏப்ரல் விடுமுறைக்கு வருவாளாம். வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவாளாம். 'கேத்தலைத் தூக்க முடியாதவர் தனியாக இருக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப்பிழை இல்லை. கையெழுத்து மட்டும் அவசரம்.

வெந்நீர்க் கேத்தலைத் தூக்க முடியாதது உண்மை. மாரியாயி வரும் வரை காத்திருக்கிறேன்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் தோட்டத்து வீடுதான். மாற்றல் வந்தால் பத்து நாளில் காலி. அவர் போனதும் வீட்டைக் காலி செய்ய ஒரு மாதத் தவணை. ஹாலிஎலயில் இந்த இரண்டு அறை வீடு, இதன் சாவிதான் என் கைக்கு வந்த முதல் சாவி. மூன்றாம் மாடியில் மகள் வீட்டு மூலை அறைக்கு அதை மாற்றிக்கொள்ள முடியாது. ஏப்ரலுக்குள் கை திருந்த வேண்டும். அவ்வளவுதான்.

பெப்ரவரி 14, புதன்

நான்காவது நாள் மாத்திரை. வயிறு சரி. நாக்கு சரி. தோல் சரி.

கொடியில் துணி போட மாரியாயியை விடவில்லை. நீளக் கைச் சட்டை, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நானே போட்டேன். இரண்டு உள்பாவாடை, ஒரு சேலை. முக்கால் மணி நேரம். அவள் படியில் உட்கார்ந்து, சர்க்கஸ்காரி தோத்தா என்று சொன்னது காதில் விழுந்தது.

மாத்திரைப் போத்தலில் ஒரு பிடி வறுத்த அரிசி. ஈரம் ஏறினால் இந்த மருந்து நஞ்சாகுமாம்.

பெப்ரவரி 23, வெள்ளி

பதினாறு நாள் முடிந்தது.

வயிற்றெரிச்சல்: இல்லை.
குமட்டல்: இல்லை.
வயிற்றுப்போக்கு: இல்லை.
நாக்கு: சிவப்பு (காரணம் வேறு).
வெயில்: ஒன்றும் இல்லை.
மற்றது: இல்லை.
நோ கூடுதல்: இல்லை.
நோ குறைதல்: இல்லை.

சொன்ன விதிகளில் ஒன்றையும் மீறவில்லை. சீனியைக்கூட விட்டாயிற்று. சீனிக்குப் பதில் ஊற்றுகிற கித்துள் பாணி போத்தலை மாரியாயிக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு பக்கவிளைவும் வரவில்லை என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடாமல் மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

பெப்ரவரி 28, புதன்

காலையில் சட்டை ஊக்கு நான்கு போட இருபத்தாறு நிமிடம். சென்ற மாதம் இருபத்திரண்டு.

மாரியாயி போட்டுவிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வாசலில் நின்று, சாமிக்குப் பூசை முடிஞ்ச மாதிரி கதவு திறக்குறீங்க என்றாள்.

மார்ச் 7, புதன்

பதுளை. மப்பு, மழை இல்லை. காலை மாத்திரையும் வெற்றிலையும் வழக்கம்போல். பல்லை இரண்டு தரம் துலக்கிவிட்டுப் போனேன்.

டாக்டர் விரல்களை மறுபடி அமுக்கினார். அட்டையில் எழுதினார். நாலு கிழமை, முழுதாக ஒரு மாதம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. யோசித்தார். பால் எப்படி என்றார். தொடுவதில்லை என்றேன். சிலருக்குப் பிந்தும், ஏப்ரல் 11 வாருங்கள், அப்போதும் இப்படியே என்றால் இந்த மருந்து உங்களுக்குச் சரிவராது, நிறுத்திவிட்டுக் கொழும்பில் பார்ப்போம் என்றார். கொழும்பு.

வெளியே மருந்து யன்னலில் என் முறைக்கு நின்றேன். மருந்து கொடுக்கிறவர் பாரூக், பதுளைக் கடைத்தெரு ஆள், வாய் ஓயாது. எனக்கு முன்னால் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர், நெஞ்சுச் சளி. அதே சிவப்பு மஞ்சள் மாத்திரை. அவருடைய வாயைப் பார்த்துவிட்டுப் பாரூக் மாத்திரைப் பையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"வெத்தில போடுறதெண்டா இத வாங்காதீங்க. பால் என்ன செய்யுமோ அதத்தான் சுண்ணாம்பும் செய்யும். மருந்தப் புடிச்சிக் கட்டிப்போடும். போன மாதிரியே வெளிய வந்திரும். ஒரு மாசம் திண்டாலும் மண்ணத் திண்ட மாதிரித்தான்."

அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, அஞ்சு நாளைக்கு வுட்டுர்றேங்க என்றார். அவ்வளவு சுலபமாக.

என் முறை வந்தது. பாரூக் என்னிடம் மரியாதையாக, "அம்மாக்குச் சொல்லத் தேவல்ல" என்றார்.

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டரின் கதவு ஆறடி தூரம். திறந்துதான் இருந்தது.

மார்ச் 8, வியாழன்

திங்கள் வரை மாத்திரை நாள் பன்னிரண்டு. இன்னொன்று நேற்று. பதின்மூன்று. இருபத்தாறு மாத்திரை.

ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வெற்றிலை. நானே மடித்தேன், நானே சுண்ணாம்பு தடவினேன். மாத்திரை ருசி போக என்று. மீறவில்லை என்று எழுதியிருக்கிறேன், பெப்ரவரி 23. அழிக்கவில்லை. கீழே கோடு மட்டும் போட்டேன்.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா எல்லாவற்றையும் மாரியாயியிடம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கேட்டாள். "டாக்டர்கிட்டச் சொல்லிப்புட்டீங்களா?"

சொல்ல என்ன இருக்கிறது, இனிமேல் சரியாகச் சாப்பிட்டால் போதாதா என்றேன்.

"அவரு கணக்கு வேற, உங்க கணக்கு வேறயா ஓடுமே" என்றாள். பள்ளிக்கூடம் போகாதவள்.

மார்ச் 9, வெள்ளி

விரதம். மாத்திரை மட்டும். தகர ருசி அப்படியே நாக்கில். இதை முதல் மாத்திரை என்று எழுதுகிறேன்.

11 மணிக்குத் தலைவலி. மாரியாயியைக் காரணமில்லாமல் ஏசினேன். பிறகு காரணம் ஒன்று கண்டுபிடித்தேன் (தம்ளர் சரியாகக் கழுவவில்லை).

மார்ச் 12, திங்கள்

வெற்றிலைக்குப் பதில்: கராம்பு, இஞ்சித் துண்டு, உலர்ந்த நெல்லிக்காய். ஒன்றும் ஈடில்லை. வாய்க்கு வேலை இல்லாவிட்டால் நாள் எவ்வளவு நீளம்.

காலை மாத்திரைக்குப் பின் வயிறு எரிந்தது. நெஞ்சுக்குழி வரை. முன்பு இல்லாதது. வெள்ளை மருந்து கூடாது. ஒரு துண்டு பாண், வெண்ணெய் தடவாத வெறும் ரொட்டி, அரை மணி நேரம் கழித்து. தணிந்தது. இனி பாண் எப்போதும் வீட்டில் வேண்டும்.

மாரியாயி பின்கட்டில் தன் வெற்றிலையைப் போடுகிறாள். வாசனை வருகிறது. இந்த வீட்டில் போடாதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

மார்ச் 16, வெள்ளி

கடிதம் போடத் தபாற்கந்தோர் வரை போய் வந்தேன். குடை இருந்தது. சட்டைக் கை நீளம்தான், ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே திறந்த இடம். பின்னேரம் இரண்டு புறங்கையும் இரும்பை வைத்துச் சுட்டது போல் சிவந்தன. கழுத்தின் பின்பக்கமும்.

வெயில்: உண்டு.

நீளக் கையோடு இனி வீட்டுக்காரருடைய பழைய காலுறையில் விரல் பக்கம் வெட்டிக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். அசிங்கம். ஆனால் சரியான அளவு.

மார்ச் 19, திங்கள்

நாக்கில் வெள்ளை. டாக்டர் 'பெண்களுக்கு' என்று சொன்னாரே, அதுவும். எழுதியாயிற்று, போதும். உப்புத் தண்ணீர், தயிர் பகல் 12 மணிக்கு, அடுத்த மாத்திரைக்கு நான்கு மணி நேரம் முன்.

பக்கவிளைவு எல்லாம் வரிசையாக வருகின்றன. விருந்தாளிகள் பிந்தி வந்தாலும் ஒருவரும் தவறவில்லை.

மார்ச் 22, வியாழன்

விடியும்போதே காய்ச்சல், இலேசாக. விரல் பத்தும் வீங்கியிருக்கின்றன. முழங்கால், இடது தோள். கட்டிலை விட்டு எழும்ப மாரியாயி வர வேண்டியிருந்தது. அவள் என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். முப்பது வருடம் கூடை சுமந்த தோள், என்னைச் சுமப்பது அவளுக்குப் பெரிதில்லை.

நோ கூடுதல்: உண்டு.

சந்தோஷப்பட வேண்டும். மருந்து போய்ச் சேருகிறது என்பதற்கு இதுதான் அடையாளம், டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஒன்பது மணி வரை சந்தோஷமாக இருந்தேன். பிறகு அழுதேன். பிறகு கஞ்சி.

மார்ச் 27, செவ்வாய்

ஊக்கு இன்று மாரியாயி போட்டாள். நான் கேட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நக்கலும் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

பேனாவில் துணி சுற்றி எழுதுகிறேன். கையெழுத்தைச் சிஸ்டர்மார் பார்த்தால் திரும்ப எழுத வைப்பார்கள்.

சரோஜாவின் கடிதம். ஏப்ரல் 8ஆம் திகதி வருகிறாள். மூலை அறையில் கட்டில் போட்டாயிற்றாம். டாக்டரிடம் தானும் வந்து பேசப் போகிறாளாம்.

ஏப்ரல் 2, திங்கள்

இடி, பின்னேர மழை. வீக்கம் அப்படியே. காய்ச்சல் இல்லை.

டாக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, தங்களிடம் ஒரு விடயம்' வரை வந்தது. எழுத முடியாதது விரலால் இல்லை.

கிழிக்க முடியாது என்பதால் அடுப்பில் போட்டேன்.

மாரியாயி சொன்னதுதான் சரி. டாக்டருக்கு இது எட்டாவது கிழமை. இந்த வீக்கத்தைப் பார்த்தால் மருந்தின் வேலை என்று நினைக்கமாட்டார். நோய் முற்றுகிறது என்று நினைப்பார். எனக்கு மட்டும்தான் இது நாலாவது கிழமை.

ஏப்ரல் 8, ஞாயிறு

சரோஜா வந்தாள். ரயில் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. மெலிந்திருக்கிறாள். என் கையைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

கேத்தலைத் தூக்கிக் காட்டலாம் என்று வெள்ளிக்கிழமை வரை நினைத்திருந்தேன். தம்ளரையே இரண்டு கையால்தான் பிடித்தேன். அதுவும் அவள் முன்னால் சிந்தியது.

ஏப்ரல் 9, திங்கள்

மாத்திரை நாள். சரோஜா ஒவ்வொன்றையும் கேட்கிறாள். ஏன் பாண், ஏன் காலுறை, ஏன் பால் இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டாள். சிலருக்குப் பிந்தும் என்றேன். மாரியாயி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

பத்து மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து என் தகரப் பெட்டியை இழுத்துத் தூசு தட்டினாள் சரோஜா. சேலைகளை இரண்டு அடுக்காகப் பிரித்தாள், கொண்டுபோவது, கொடுத்துவிடுவது. என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் பிரித்தாள். நானும் பதில் சொன்னேன்.

ஏப்ரல் 11, புதன்

பதுளை. மகள் கையைப் பிடித்து பஸ்ஸில். புது வருடக் கூட்டம். பெஞ்சில் ஒரு மணி நேரம்.

டாக்டர் கையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். சரோஜாவிடம்தான் பேசினார், நான் அங்கே இல்லாதது போல. ஒன்பது கிழமை ஆகிவிட்டது, மருந்தால் கூடுவதென்றால் முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் கூடியிருக்க வேண்டும், இப்போது கூடுவது நோயின் வேலை, நிறுத்திவிடுவோம், கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரியில் தங்கச் சத்துள்ள ஊசி போட்டுப் பார்க்கலாம், உங்களோடு கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது என்றார். பேனாவைத் திறந்தார்.

நான் சொன்னேன். "டாக்டர், அந்தக் கணக்குப் பிழை. மருந்து தொடங்கி நாலு கிழமையும் ஐந்து நாளும்தான்."

"பெப்ரவரி ஏழு எண்டு கிடக்கே அம்மா."

"அன்றிலிருந்து மார்ச் ஏழு வரை ஒவ்வொரு மாத்திரையோடும் வெற்றிலை போட்டேன். சுண்ணாம்போடு. அதற்குப் பிறகு தொடவில்லை. மார்ச் இருபத்திரண்டு நோ கூடியது. நீங்கள் சொன்ன மாதிரி, இரண்டாவது கிழமை முடியும்போது."

நர்ஸ் அதே நர்ஸ்.

டாக்டர் பேனாவை மூடவில்லை. "நான் கேட்டனான். நீங்கள் இல்லையெண்டு சொன்னியள்."

இல்லை என்று சொல்லவில்லை, மடத்தில் படித்தவள் என்று சொன்னேன், அது இல்லை என்பதைவிட மோசம் என்றேன். நர்ஸுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். 

அவர் அட்டையில் பெப்ரவரி ஏழு என்றதை வெட்டினார். மேலே மார்ச் ஒன்பது என்று எழுதினார். வயிறு, நாக்கு, தோல், ஒவ்வொன்றும் எந்தத் திகதி வந்தது என்று கேட்டார். எல்லாம் திகதியோடு சொன்னேன். அப்போதுதான் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அப்படியென்றால் இன்னும் நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் இந்த வீக்கம் வடியும் என்று சத்தியம் செய்யமாட்டேன், செப்டெம்பர் வரை பார்க்க வேண்டும் என்றார். நாக்குக்கு ஊதா மருந்து. மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குப் பாணும் வேண்டாம், எரிந்தால் இன்னொரு தம்ளர் தண்ணீர்.

பஸ்ஸில் சரோஜா யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.  ஹாலிஎலயில் இறங்கி நடக்கும்போதும் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்தாள், முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டு.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னாள். "எனக்கு ஒன்பது வயசு. லயத்துக் கலியாண வீட்டுல ஒரே ஒரு வெத்திலை. சவர்க்காரம் போட்டு என் வாயைக் கழுவினீங்க. நினைவிருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு சவர்க்காரமாத்தான் இருந்துச்சு."

அது தப்பு என்றேன். இன்று தப்பை ஒத்துக்கொள்வது இரண்டாவது தரம். ஒரே நாளில் இரண்டு, எனக்குப் பழக்கமில்லை.

அவள் குசினிக்குப் போய்விட்டாள். மாரியாயி அங்கே இருந்தாள். சரோஜா அவளைக் கேட்பது கேட்டது, நீயுமா மறைத்தாய் என்று. மாரியாயி சொன்னாள், "கிளாக்கரம்மா வாய நான் எப்புடிப் பாப்பா தொறக்கச் சொல்றது." பிறகு இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 14, சனி

வருடப் பிறப்பு. மூலிகை அவித்த மருத்து நீரை சரோஜாவே என் தலையில் வைத்தாள். பொங்கலில் எனக்கு மட்டும் சர்க்கரை குறைவு. பால் உண்டு, இன்று மாத்திரை இல்லாத நாள்.

தட்டில் வெற்றிலை வைத்திருந்தார்கள், வழக்கப்படி. சரோஜா தட்டை எடுத்து என் பக்கம் நீட்டி, பிறகு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்றே. ஒன்றை மடித்து என் முன்னாலேயே போட்டாள். வாய் நன்றாகச் சிவந்தது அவளுக்கு. பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் பேசினோம். இருவரும் உட்கார்ந்து, பெட்டி நடுவில் திறந்தபடி. கூட்டிக்கொண்டு போவதில் அவள் இறங்கவில்லை. டாக்டர் சொன்ன செப்டெம்பர் வரை இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவள் நிபந்தனை போட்டாள். அதுவரை மாரியாயி இங்கேயே தங்க வேண்டும், தின்னும் மாத்திரையும் வரும் நோவும் மாதம் ஒருமுறை உள்ளபடி எழுத வேண்டும், ஒன்றைக் குறைத்து எழுதியது தெரிந்தால் அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்றாள். செப்டெம்பர் கடைசியில் கேத்தலை நானாக இறக்க முடியாவிட்டால், ஒரு வார்த்தை பேசாமல் ரயில் ஏற வேண்டும்.

ஒத்துக்கொண்டேன். 'ஒரு வார்த்தை பேசாமல்' என்பதைத் தவிர்க்கலாம் என்றேன். முடியாது என்றாள். என் பிள்ளைதான்.

ஏப்ரல் 16, திங்கள்

காலை ரயிலுக்கு சரோஜா போனாள். சேலைகளை அவளே மறுபடி அலுமாரியில் அடுக்கிவிட்டுத்தான் போனாள். அடுக்கு என் முறைப்படி இல்லை. மாற்றவில்லை.

6 மணி மாத்திரை. தண்ணீர் இரண்டு தம்ளர். எரிச்சல் கொஞ்சம்.
விரல்: வீக்கம் குறையவில்லை. வலது சுண்டுவிரல் மட்டும் மடங்குவது போல் இருந்தது, இரண்டு தரம் பார்த்தேன், ஒரு தரம் மடங்கியது. ஒன்று என்று எழுதுகிறேன்.
முழங்கால்: அப்படியே.

மாரியாயி தன் பாயையும் இரண்டு சேலையையும் கொண்டுவந்து முன் அறையில் வைத்தாள். அடுப்பு பற்றவைக்கும்போது கேட்டாள், வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் கொழும்புல மெத்தையில படுத்திருப்பீங்களேம்மா என்று.

படுத்திருப்பேன் என்றேன். கேத்தலை அவள் அடுப்பில் வைத்தாள்.